ஜோசப்பின் டிரம் ஒலித்த கார்

காது டாக்டர் என்னை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். முதலில் வந்த தாழ்ந்த ஒலிகளுக்கெல்லாம் அழுத்தினேன். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டரம்மா உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். அவ்வளவு நேரமும் ஒலி வந்துகொண்டுதான் இருந்ததாம்.

"என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார்.

"காருக்கு சப்வூஃபர் வைக்கிற வேலைம்மா. பேஸ் அடிக்கிற பெரிய ஸ்பீக்கரு."

அவர் சிரித்தார். உச்ச ஒலிகள் போய்விட்டன, அடி ஒலிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன என்றார். எனக்கே தெரிந்த சங்கதிதான். வீட்டில் குக்கர் விசில் எனக்குக் கேட்பதில்லை. ஆனால் மூன்று தெரு தள்ளி ஜெனரேட்டர் ஓடினால் நெஞ்சுக்குள் தெரியும்.

"அவ்ளோ சத்தத்துல வருஷக்கணக்கா உக்காந்திருந்தா பயமா இருக்காதா?"

சத்தத்துக்கு நான் பயந்ததில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் திரும்புகிற வழியெல்லாம் ஒரே ஒரு கார் மட்டும் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

நான் வேலை கற்றது சென்னையில், ஒரு ஸ்பீக்கர் ரிப்பேர் கடையில். கிழிந்த கூம்புக்குக் காகிதம் ஒட்டி, எரிந்த காயிலைச் சுற்றி நான்கு வருடம் போயிற்று. பிறகு இந்தப் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியபோது ஜாபர் பாய் ஒரகடம் போகும் சாலையில் கார் ஆடியோ கடை போட்டார். அவரிடம் சேர்ந்தவன் காது கெடும்வரை அங்கேயே இருந்தேன்.

பாய் ஒல்லியான மனிதர். சத்தத்தை விற்பவர், ஆனால் அவர் குரலைக் கேட்க நாம் குனிய வேண்டும். யாராவது கடைக்குள் வந்து "பன்னெண்டு இஞ்ச் ரெண்டு வைங்க, தெருவே அதிரணும்" என்றால் மறுக்க மாட்டார். மூன்று கேள்வி கேட்பார். இன்னா பாட்டு கேப்பே? பின்னாடி யாரு குந்துவாங்க? டிக்கியில இன்னா ஏத்துவே? இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் எந்த சப்வூஃபர், எந்தப் பெட்டி என்ற பேச்சு. பழைய மெல்லிசை கேட்பவருக்கு மூடின பெட்டி. அடி சுருக்கமாக விழும், உடனே நிற்கும். மேளமும் கானாவும் கேட்பவருக்குக் காற்றுக்குழாய் வைத்த பெட்டி. அதே சப்வூஃபர் இன்னும் ஆழமாக இறங்கும், கொஞ்சம் இழுத்துக்கொண்டு நிற்கும். குழந்தைகள் பின்னால் உட்காருவார்கள் என்றால் எதைக் கேட்டாலும் பாய் ஒரு படி குறைத்துத்தான் வைப்பார்.

வண்டி உள்ளே வந்ததும் அவர் என்னைப் பின் சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிடுவார். கால் மணி நேரம் பாட்டு கிடையாது.

"ஏகாம்பரம், வண்டி சும்மா இருக்கச்சொல்ல இன்னா பேசுதுன்னு மொதல்ல கேளு. அப்பால நீ பேசு."

அப்படி உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும், நின்ற காருக்குள் எத்தனை சின்னச் சத்தங்கள் உண்டு என்று. ஒருமுறை ஒரு பழைய காரில் ஒரே ஒரு தாழ்ந்த சுரத்துக்கு மட்டும் பக்கத்தூணுக்குள் ஏதோ சிணுங்கியது. மூன்று நாள் தேடினோம். கடைசியில் பிளாஸ்டிக் உறையைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு குழந்தையின் கண்ணாடி வளையல் விழுந்தது, பாதி உடைந்தது. வண்டிக்காரருக்குப் பெண் குழந்தையே கிடையாது. அவர் அதைத் தொடவும் மாட்டேன் என்றுவிட்டார். பாய் அதை ஒரு காகிதத்தில் மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தொழுகைக்குப் போய்விட்டார்.

இன்னொரு வழக்கமும் அவரிடம் உண்டு. வண்டியின் தகட்டில் ஓட்டை போட்டால் பின் கண்ணாடியில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். அந்த ஓட்டைக்கு ரப்பர் வளையம் மாட்டி அடைத்த பிறகுதான் கோட்டை அழிக்கலாம். கண்ணாடியில் கோடு இருக்கும் வண்டி கடையை விட்டு வெளியே போகக் கூடாது. தண்ணீர் புகும், துரு ஏறும், எலி வரும் என்பார். நான் ஒரு கோட்டைக்கூட அடைக்காமல் அழித்ததில்லை. இதைச் சத்தியமாகச் சொல்லலாம். அதனால்தான் நடந்தது இன்னும் உறுத்துகிறது.

எட்வின் வடக்குப்பட்டுக்காரன். முப்பது வயதிருக்கும். வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களைக் கூட்டிவந்து விடும் டிரிப் ஓட்டிக்கொண்டிருந்தான். பழைய வெள்ளை செடான், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கடைக்கு வந்தபோது பாய் தன் மூன்று கேள்விகளைக் கேட்டார்.

"பாட்டுலாம் இல்ல பாய். ஒரே ஒரு ரெக்கார்டிங்தான்" என்று போனை நீட்டினான்.

கிறிஸ்துமஸ் பவனியில் எடுத்தது. ஒன்றரை நிமிடம். தேவாலய வாத்தியக் குழு தெருவில் போகிறது; நடுவில் ஒருவன் பெரிய டிரம்மை வயிற்றோடு கட்டிக்கொண்டு அடிக்கிறான். எட்வினின் தம்பி ஜோசப். இரண்டு மாதத்துக்கு முன்னால் காலை ஷிஃப்டுக்குப் பைக்கில் போகும்போது கன்டெய்னர் லாரிக்கு அடியில் போய்விட்டான். தினமும் அண்ணன் காரின் பின் சீட்டில், இடது ஓரத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவன். அன்றைக்கு மட்டும் பைக்.

"பின்னாடி யாரு குந்துவாங்க?" பாய் இரண்டாவது கேள்வியை நிறுத்தவில்லை. எட்வின் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஸ்டாஃபு குந்துவாங்க. என் பொண்ணு குந்தும். காரு வாங்கனதுலேந்து பேஸ் வை, பேஸ் வைன்னு உயிர எடுத்தவன் அவன்தான் பாய். அவன் அடிச்சது எனக்கு கார்ல கேக்கணும். அவ்ளோதான்."

அந்த வேலையைப் பாய் என்னிடம் விட்டார். பத்து இஞ்ச் சப்வூஃபர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, குழாய் வைத்த பெட்டியை நானே பிளைவுட்டில் அறுத்துச் செய்தேன். டிக்கியில் ஒலிக்கும் ஒலி உள்ளே வர வழி வேண்டும். பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையிலிருந்த பழைய ஸ்பீக்கர்களைக் கழற்றி, அந்த வாய்களைத் திறந்தே விட்டேன். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஃபியூஸ். சப்வூஃபரின் முனைகளில் டார்ச் பேட்டரியைத் தொட்டுப் பார்த்து, கூம்பு வெளியே குதிக்கிற பக்கத்தைக் குறித்துக்கொண்டு ஒயரைக் கட்டினேன். எல்லாம் முறைப்படி.

சிக்கல் ரெக்கார்டிங்கில் இருந்தது. போன் மைக்கில் அடி ஒலி பதிவதே இல்லை. குச்சி தோலில் படுகிற 'டப்' மட்டும்தான் இருந்தது, டிரம்மின் வயிறு இல்லை. இப்படிப்பட்ட பதிவுகளுக்காக ஒரு சின்னக் கருவி உண்டு. மேலே இருக்கும் ஒலியை வைத்து, கீழே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து, இல்லாத அடியை அதுவே உண்டாக்கும். அதை மாட்டினேன். எட்வினைப் பின் சீட்டில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். முதல் அடி விழுந்ததும் அவன் முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"இவன்தான்ணே."

அது அவன் தம்பி அடித்ததில்லை, கருவி அடித்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின் கண்ணாடியில் நான்கு கோடு போட்டிருந்தேன். நான்கையும் அழித்தேன். வண்டி போயிற்று.

மூன்று வாரம் கழித்து வந்தான். ஃபியூஸ் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, நான் பானெட்டுக்குள் தலையைவிட்டிருக்கும்போது, சாதாரணமாக, வெயில் அதிகம் என்பது மாதிரி சொன்னான்.

"பின்னாடி ஜோசப்பு குந்தினு கீறான்ணே."

நிமிர்ந்து பார்த்தேன். முகம் சிவந்திருந்தது, கண் ஒரு மாதிரி மினுங்கியது. ஆனால் குடித்திருக்கவில்லை.

"கேட்டாண்ட ஷிஃப்டு வுட வெயிட் பண்ணுவேன்ல, ஏசி போட்டுகினு. அவன் ரெக்கார்டிங்க போடுவேன். கொஞ்ச நேரத்துல வந்துடறான். மூச்சு வுடறது கேக்கும். கண்ணாடியில தோளு தெரியும். திரும்புனா இல்ல. நா திரும்பறதில்ல இப்பல்லாம்."

இறந்தவர்களைப் பார்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். துக்கம் ஆற நாளாகும் என்று நினைத்து, "தூங்குறியா ஒழுங்கா?" என்று மட்டும் கேட்டேன். அவன் சிரித்தான். "இப்பதாண்ணே நல்லா கீறேன்."

அடுத்த வாரம் அவன் மனைவி ஸ்டெல்லா தனியாக வந்தாள். செல்போன் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை. சீருடையோடு ஷேர் ஆட்டோவில் வந்திருந்தாள். கடை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"நீங்க வச்ச பொட்டிய எடுத்துடுங்கண்ணே" என்றாள். "அவுரு ஒங்களைத்தான் நம்புவாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

"இன்னாம்மா ஆச்சு?"

அவள் சொன்னது இது. தொழிற்சாலைக் கேட்டுக்கு எதிரே, முன்பு சுடுகாடு இருந்து இடம் மாற்றிய மனைக்குப் பக்கத்தில்தான் எட்வின் வண்டியை நிறுத்துவான். மணிக்கணக்கில் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறான். ஏறுகிற பெண்களெல்லாம் இந்த வண்டியில் தலை வலிக்கிறது என்று வேறு வண்டி கேட்கிறார்கள். போன ஞாயிறு இவர்கள் மூவரும் அதில் கோயிலுக்குப் போனார்கள். ஸ்டெல்லாவுக்கே கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டது தெரிந்தது. ஆறு வயது மகள் ஜெனி பின் சீட்டில் தூங்கிவிட்டாள், எழுப்பினால் எழவில்லை. தூக்கி வெளியே கொண்டுவந்ததும் வாந்தி எடுத்தாள். பிறகு சொன்னாளாம், "சித்தப்பா மடியில படுத்துகினு இருந்தேன்" என்று.

"ஃபாதரு ஜெபம் பண்ணாரு. எங்க மாமியாரு யாரையோ கூட்டினு வந்து எலுமிச்சம்பழம் கட்னாங்க. ஒண்ணும் கேக்கல. வர்ற வெள்ளிக்கெழம குடும்பத்தோட வேளாங்கண்ணிக்கு இந்த வண்டியிலயே போலாம்ன்றாரு. ராவெல்லாம் ஓட்டிகினு போணும். எம்பொண்ண நா அந்த வண்டியில ஏத்த மாட்டேண்ணே."

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு நான் வல்லம் வடகாலுக்குப் போனேன். பெட்டியின் போல்ட்டைப் பார்க்க வேண்டும் என்று எட்வினிடம் சாக்குச் சொல்லி முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். வண்டியின் பின்பக்கம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நின்றது. நல்ல வெயில். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, ஏசி ஓடியது, முன்னால் மல்லிகை வாசனைப் புட்டி ஆடியது. எட்வின் ரெக்கார்டிங்கைப் போட்டான். ஒன்றரை நிமிடம், முடிந்ததும் மறுபடியும், மறுபடியும்.

முதல் கால் மணி நேரம் எனக்கு ஒன்றும் இல்லை. என் வேலையை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். அப்புறம் நெற்றியில் ஒரு இறுக்கம். கைகள் கனத்தன. காரணமே இல்லாமல் பயம் வந்தது. எதைப் பார்த்துப் பயம் என்று தெரியாத பயம். அது முதுகுப் பக்கம் இருந்தது. எட்வின் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்திருந்தான், என்னிடம் இல்லை.

"அம்மாக்கு சுகரு ஏறிப்போச்சுடா. உன் பேரச் சொல்லியே அழுவுது…"

நான் மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தேன். பின் சீட்டின் இடது ஓரத்தில் வெளிச்சம் வேறு மாதிரி இருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு தோள் போல. டிரம்மின் ஒவ்வொரு இரண்டு அடிக்கும் நடுவில் யாரோ வாய் வழியாக மூச்சு விட்டார்கள். இருபது வருடம் காரின் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தவன் நான். காருக்குள் எழும் எல்லாச் சத்தமும் எனக்குத் தெரியும். இது எனக்குத் தெரியாத சத்தம்.

கையை நீட்டி பாட்டை நிறுத்தினேன்.

பாட்டு நின்றது. அடி நிற்கவில்லை. டம், டம் என்று அதே தாளத்தில், என் பின்மண்டைக்குள் விழுந்துகொண்டே இருந்தது.

கதவைத் திறந்து விழாத குறையாக இறங்கினேன். சுவரோரம் வாந்தி எடுத்தேன். எட்வின் உள்ளேயே இருந்தான். கண்ணாடியைப் பார்த்தபடி, "பாத்தியாண்ணே?" என்றான். சந்தோஷமாக இருந்தது அவன் முகம்.

வெளிக்காற்றில் அரை மணி நேரம் உட்கார்ந்ததும் அடி மெல்ல மெல்ல ஓய்ந்தது. அது என் ரத்தம் துடித்த ஓசை என்று பிறகு புரிந்தது. அப்போது புரியவில்லை. அப்போது எனக்குப் புரிந்தது ஒன்றுதான். ஜெனி வாந்தி எடுத்தாள், நான் வாந்தி எடுத்தேன், ஏறுகிற பெண்களுக்குத் தலைவலி. தோளும் மூச்சும் எதுவானாலும் சரி, வாந்திக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

பெட்டி ஆடுகிறது, ஆம்ப்ளிஃபயர் எரிந்துவிடும் என்று பொய் சொல்லி, மறுநாள் காலை வண்டியைக் கடைக்கு வரவழைத்தேன். எட்வினை டீக்கடைக்கு அனுப்பினேன். புதிதாக அறுத்த பெட்டியில் காற்று கசிகிறதா என்று பார்க்க நாங்கள் ஊதுபத்தி பிடிப்போம். இடுக்கில் புகை ஆடினால் அங்கே ஒழுக்கு. அதேபோல ஒன்றை ஏற்றிக்கொண்டு பின் சீட்டில் ஏறினேன். எஞ்சின் ஓடியது, ஏசி ஓடியது, கதவுகள் சாத்தியிருந்தன. பலகையில் நான் திறந்துவிட்டிருந்த அந்த வாய்க்கு நேரே பத்தியைப் பிடித்தேன்.

புகை நேராக எழவில்லை. டிக்கியிலிருந்து யாரோ ஊதுவதுபோல என் முகத்தை நோக்கி சாய்ந்தது. போனில் ஒரு தாழ்ந்த ஒலியை மட்டும் ஓடவிட்டேன். புகை துடிக்கத் தொடங்கியது. விம்மும், தணியும், விம்மும். ஒவ்வொரு விம்மலிலும் டிக்கியின் காற்று கொஞ்சம் கொஞ்சமாக சீட்டுப் பக்கம் வந்தது. நேற்று கழுத்துக்குப் பின்னால் கேட்ட மூச்சு அதுதான்.

எஞ்சினை அணைத்து, கதவுகளைத் திறந்துபோட்டு, டிக்கிக்குப் போனேன். பெட்டியைக் கழற்றினேன். கார்ப்பெட்டைத் தூக்கினேன். ஸ்டெப்னி வைக்கும் குழியின் அடியில், தண்ணீர் வடிவதற்காக வண்டி செய்யும்போதே விட்ட ஓட்டை ஒன்று உண்டு; கட்டைவிரல் நுழையும். அதற்கு ஒரு ரப்பர் மூடி இருக்கும். மூடி இல்லை. ஓட்டையைச் சுற்றிக் கரி வளையம் படிந்திருந்தது. குனிந்து பார்த்தேன். நேர் கீழே சைலன்சர், அதன் மூட்டில் விரிசல். புகை வாடையை முன்னால் தொங்கிய மல்லிகைப் புட்டி மறைத்திருக்கிறது.

மூடி எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. கார்ப்பெட்டுக்கு அடியில், ஓரமாக, பத்திரமாக வைத்த இடத்திலேயே இருந்தது. நான்தான் வைத்தேன். பெட்டியை இறுக்க அந்த ஓட்டை வழியாக போல்ட் விடலாம் என்று மூடியைப் பிடுங்கினேன். கீழே சைலன்சர் இருப்பதைப் பார்த்து வேண்டாமென்று வேறு இடத்தில் துளைத்தேன். நான் போட்ட ஓட்டைகளுக்குத்தான் சாக்பீஸ் கோடு போட்டேன். அது வண்டியின் ஓட்டை. கணக்கில் வரவில்லை.

பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். ரப்பர் மூடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன்.

"கொழந்த எங்க கீது?" என்றார்.

"வூட்ல."

"ஆஸ்பத்திரிக்கு இட்னு போகச் சொல்லு. இப்பவே. நீயும் கூடப் போ. இன்னா நடந்துச்சுன்னு டாக்டராண்ட நீதான் சொல்லணும், அவங்களுக்குத் தெரியாது."

அப்புறம் சாக்பீஸை எடுத்து பின் கண்ணாடியில் ஒரு கோடு போட்டார். ஐந்தாவது கோடு. வண்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

எட்வினையும் ஸ்டெல்லாவையும் ஜெனியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். மூவர் ரத்தத்தையும் பார்த்தார்கள். நிறமோ வாசனையோ இல்லாத ஒரு வாயு எஞ்சின் புகையில் உண்டு, அது ரத்தத்தில் ஏறினால் தலைவலி, வாந்தி, பயம், இல்லாதது தெரிவது, அதற்கு மேல் தூக்கத்திலேயே முடிந்துவிடும் என்றார் டாக்டர். ஜெனியை ஒரு நாள் கவனிப்பில் வைத்திருந்தார்கள், எட்வினுக்கு ஆக்சிஜன் வைத்து இரண்டு நாள் படுக்கையில் வைத்தார்கள். "மூணு பேரும் கண்ணாடிய ஏத்திகினு ராத்திரி பூரா போயிருந்தா?" என்று ஸ்டெல்லா கேட்டாள். பிறகு மெக்கானிக் பார்த்ததில், புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரையே முன்பு வைத்திருந்தவர் யாரோ கழற்றிவிட்டு வெறும் குழாய் வைத்திருந்தது தெரிந்தது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பழியில் பாதி வேறு ஒருவனுக்குப் போயிற்று. ஆனால் புகை உள்ளே வந்த வழி என்னுடையது.

ஆஸ்பத்திரி நடைவழியில் நின்றுகொண்டே ஸ்டெல்லாவிடம் சொன்னேன். மூடியையும் காட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்த்தாள்.

"பேய்னு சொன்னப்போகூட நா இவ்ளோ பயப்படல" என்றாள். "பேயின்னா ஜெபம் பண்லாம். இதுக்கு இன்னா பண்றது?"

அவள் மூடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசியதே இல்லை. அது நியாயம்தான்.

எட்வின் படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நான் சொன்னதையெல்லாம் கேட்டான். கோபப்படவில்லை. "செரிண்ணே" என்றான். அவ்வளவுதான்.

சைலன்சர் மாற்றினார்கள், கன்வெர்ட்டர் வைத்தார்கள். அந்த ஓட்டைக்கு நான் தகடு வைத்துப் பற்றவைத்தேன். பாய் ஊதுபத்தியும், அந்த வாயுவை அளக்கும் ஒரு கருவியும் வைத்து ஒரு மணி நேரம் சோதித்த பிறகு ஐந்தாவது கோட்டை அவர் கையாலேயே அழித்தார். பெட்டியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான் எட்வின்.

ஒரு மாதம் போயிருக்கும். மத்தியானம், கடையில் நான் மட்டும் இருந்தேன். எட்வின் வந்தான். இளைத்திருந்தான். கண்ணில் அந்த மினுமினுப்பு இல்லை.

"சவுண்டு அதேதாண்ணே. எல்லாம் அப்படியேதான் கீது" என்றான். வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தான். "ஆளுதான் இல்ல."

நான் ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் உட்காரவில்லை.

"அந்த ஓட்டைய ஒரே ஒரு தபா தொறந்து வுடுண்ணே."

எனக்கு உடம்பு சில்லிட்டது. அந்த வண்டிக்குள் கண்ணாடியில் தோளைப் பார்த்தபோதுகூட அப்படி ஆகவில்லை.

"எட்வினு, அது செத்துப்போற வழிடா."

"தெரியும்ணே. எல்லாம் தெரியும். புகைதான். டாக்டரு சொன்னாரு, நீ சொன்னே. நா ஒண்ணும் பைத்தியம் இல்ல." சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னான். "அவங்கிட்ட ஒண்ணு சொல்லாம வுட்டுட்டேண்ணே. தெனம் வந்து குந்தினு இருந்தான், நாளைக்கி சொல்லிக்கலாம்னு வுட்டுட்டேன். இப்ப வர மாட்றான். கால் மணி நேரம் போதும். நா மட்டும். அப்பால நீயே அடைச்சுடு."

முடியாது என்றேன். மூன்று தரம் சொன்னேன். அவன் வேறு கடைக்குப் போய் ஓட்டை போட்டுக்கொள்வான் என்று எனக்குத் தெரிந்தது. தகட்டில் ஓட்டை போடத் தெரிந்தவர்கள் இந்தச் சாலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கடையைச் சாத்தினேன். அவன் காரின் பின் கதவைத் திறந்து, இடது ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னாண்ணே?"

"வண்டிய எடு. கண்ணாடிய பூரா எறக்கிக்கோ. பாட்டப் போடு."

அவன் என்னையே பார்த்தான். பிறகு ஏறினான். நான்கு கண்ணாடிகளையும் இறக்கினான். மேலே இருந்த கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி, அதில் என் தோள் மட்டும் தெரிகிற மாதிரி வைத்தான். முகம் தெரியவில்லை. வண்டி வல்லம் வடகால் நோக்கிப் போயிற்று. டிரம் ஒலித்தது. லாரிகளின் அனல்காற்று உள்ளே அடித்தது. அந்தச் சுவருக்கு அருகில், வழக்கமான இடத்தில் நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். பாட்டு ஓடியது.

கண்ணாடியைப் பார்த்துப் பேசினான்.

"டேய் ஜோசப்பு. அன்னிக்கி காலைல நா டிரிப்பு இருக்குதுன்னு சொன்னேன்ல. டிரிப்பு இல்லடா. முந்தின நாளு ஒங்கிட்ட சண்ட போட்டேன்ல, அந்தக் கோவம். பைக்ல போட்டும்னு வுட்டுட்டேன். வூட்டாண்டதான் தூங்கினு இருந்தேன். அம்மாக்கு தெரியாது. ஸ்டெல்லாக்கு தெரியாது."

டிரம் முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவன் காத்திருந்தான். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அவனைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவன். ஜோசப்பை நான் பார்த்ததுகூட இல்லை. அவன் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. செய்வது சரியா என்றும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. தாழ்ந்த குரலில், டிரம் சத்தத்துக்கு அடியில் சொன்னேன்.

"வுடுண்ணே."

எட்வினின் தோள்கள் குலுங்கின. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான். நான் அசையவில்லை. அசைந்தால் கண்ணாடியில் என் முகம் தெரிந்துவிடும் என்று, அவன் அழுது முடிக்கும்வரை அந்த ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு இருந்தேன். பாட்டு எத்தனை முறை ஓடியதென்று எண்ணவில்லை.

பிறகு அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பாட்டை நிறுத்தினான். கண்ணாடியைப் பழையபடி நேராகத் திருப்பினான். அதில் என் முகம் வந்தது.

"எறங்கிக்கோண்ணே" என்றான். "ஷிஃப்டு வுடப் போறாங்க."

இறங்கினேன். கேட் திறந்து நீலச் சீருடைக் கூட்டம் வெளியே வந்தது. நான்கு பெண்கள் பேசிக்கொண்டே வந்து ஏறினார்கள். ஒருத்தி, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்தினாள்.

"யப்பா, இன்னா வெயிலு. கண்ணாடிய ஏத்திட்டு ஏசி போடுண்ணே" என்றாள்.

எட்வின் ஏசியைப் போட்டான். கண்ணாடியை ஏற்றவில்லை.